முள் நின்ற இடம்

கோச் கடைக்குள் நுழைந்தபோது அவருக்கு வாயெல்லாம் பல். கடிகார ரிப்பேர் கடைக்கு யாரும் அப்படிச் சிரித்துக்கொண்டு வருவதில்லை. ஓடாத கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, இவள் எவ்வளவு கேட்பாளோ என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வருவார்கள். அதனால் அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே அவள் ட்வீஸரைக் கீழே வைத்துவிட்டு உஷாரானாள்.

"எப்படிம்மா இருக்க? அப்பா நல்லா இருக்காரா?"

"இருக்கார் சார்."

அவர் நீல வெல்வெட் பெட்டி ஒன்றை மேஜைமேல் வைத்து, நகைக்கடைக்காரர் மாதிரி மெதுவாகத் திறந்தார். உள்ளே ஒரு பழைய ஸ்டாப்வாட்ச். அவருடையதுதான். கல்லூரி மைதானத்தில் இருபது வருஷமாக அவர் கழுத்தில் தொங்கியதை ஊரே பார்த்திருக்கிறது.

"தம்பியோட கடைசி ஓட்டத்தப்போ என் கையில இருந்தது இதுதான். சனிக்கிழமை அவன் பேர்ல ஓட்டப்பந்தயம் வச்சிருக்கோம். இதைக் கண்ணாடிப் பெட்டியில போட்டு காலேஜ்லயே நிரந்தரமா வைக்கப் போறோம். அவனோட அக்கா கையால பாலிஷ் போட்டு, அக்கா கையாலயே மேடையில வச்சா எவ்வளவு பொருத்தமா இருக்கும், சொல்லு! பேப்பர்காரங்க வேற வராங்க."

"ஓடுதா சார்?"

"ஜம்முன்னு ஓடுது. உள்ள ஒண்ணும் தொட வேண்டாம். மேல மட்டும் பளபளன்னு ஆக்கிக் குடு, போதும்."

கதவு வரை போனவர் திரும்பினார். முகத்தில் ஒரு பெரிய மனுஷத்தனம் வந்து உட்கார்ந்திருந்தது. "அப்பாகிட்ட சொல்லும்மா. அந்த ஸ்பிரிங் விஷயத்தை நான் அன்னைக்கே மறந்துட்டேன். அவரும் மனசுல வச்சுக்க வேண்டாம்னு சொல்லு."

அந்த ஸ்பிரிங் விஷயம் என்னவென்று சொல்லிவிட வேண்டும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், போர் மூண்டு இரண்டாம் வருஷம். கல்லூரிப் பையன்களைக் கொத்துக் கொத்தாகப் படைக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். கல்லூரி ஓட்ட அணியில் இருக்கும் நான்கு பேருக்கு மட்டும் விலக்கு உண்டு. மூன்று இடம் நிரம்பிவிட்டது. நான்காவது இடத்துக்குத் தேர்வு ஓட்டம் வைத்தார்கள், நானூறு மீட்டர். முதல் சுற்றில் கல்லூரிச் செயலாளரின் மகன் நாற்பத்தெட்டு புள்ளி ஐந்து விநாடியில் ஓடினான். இரண்டாவது சுற்றில் அவளுடைய தம்பி ஓடினான். வீட்டிலும் தெருவிலும் கல்லூரியிலும் அவனுக்கு வாலு என்றுதான் பெயர். வகுப்பில் ஒரு நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்காராதவன். ஓடும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டிருப்பான் என்று கோச்சே சொல்லிச் சிரிப்பார்.

நேரம் குறிக்க மூன்று பேர், மூன்று கடிகாரம். இரண்டு கடிகாரம் ஒத்துப்போனால் அதுதான் நேரம். ஏதோ காரணத்தால் மூன்றாவது கடிகாரம் இல்லாமல் போய், மீதி இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், அதிகம் காட்டியதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். விதி அப்படி. கணக்கு வாத்தியாரின் கடிகாரம் நாற்பத்தெட்டு புள்ளி நான்கு காட்டியது. நூலகரின் கடிகாரம் புள்ளி ஆறு காட்டியது. மூன்றாவது கோச்சினுடையது. அவர் அதைப் பையில் போட்டுக்கொண்டு, "ஸ்பிரிங் அறுந்துபோச்சு, ஓடவே இல்லை" என்றார்.

அப்புறம் என்ன, புள்ளி ஆறுதான். செயலாளர் மகனுக்கு இடம் கிடைத்தது. வாலுவுக்கு மூன்றாம் வாரம் படையிலிருந்து ஓலை வந்தது. நாலாம் மாதம் ஓர் ஆற்றைக் கடக்கும்போது அவன் செத்துப்போனான். உடல் வரவில்லை, அவனுடைய தகரப்பெட்டி மட்டும் வந்தது.

இதில் பாழாய்ப்போன விஷயம், அந்த ஸ்டாப்வாட்ச்சுக்குத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் ஸ்பிரிங் போட்டது அப்பா. போர்க்காலத்தில் புது ஸ்பிரிங் எங்கே கிடைக்கும்? செத்துப்போன ஒரு பாக்கெட் வாட்ச்சிலிருந்து ஸ்பிரிங்கை உருவி, நீளத்தை வெட்டி, நுனியை விளக்கில் காட்டி வளைத்து, குண்டூசித் தலையளவு கொக்கி ஒன்றைத் தானே அடித்துப் பொருத்தினார். காசுகூட வாங்கவில்லை. பையனுடைய கோச் ஆயிற்றே.

தேர்வு நடந்த அன்று சாயங்காலமே கோச் வீட்டுக்கு வந்தார். அப்பாவின் தோளில் கை வைத்து, "உங்க மேல தப்பில்லை சார், மெஷின்தானே, அறுந்து போறதுதான். வேற ஊர்ல குடுத்து மாத்திக்கிறேன். நான் ஒண்ணும் நினைச்சுக்கல" என்றார். அப்பா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். வாலுவும் பார்த்தான். "விடுங்கப்பா, ஸ்பிரிங் என்ன பண்ணும், நான் இன்னும் கொஞ்சம் வேகமா ஓடியிருக்கணும்" என்று அன்றைக்கு அவன்தான் அப்பாவைத் தேற்றினான்.

தகரப்பெட்டி வந்த நாளிலிருந்து அப்பா கடைப்பக்கமே வரவில்லை. கை நடுங்குகிறது என்று சொல்லிக்கொண்டார். ஒரு நடுக்கமும் கிடையாது. சோற்றைச் சிந்தாமல்தான் சாப்பிட்டார். நடு நடுவே, யாரும் கேட்காமலே, "கொக்கியை இன்னும் கொஞ்சம் நிதானமா அடிச்சிருக்கணும்" என்பார். ஏழு வருஷமாக அந்த ஒரே பேச்சு. கடையை அவள் எடுத்து நடத்தினாள்.

இப்போது கோச்சின் கடிகாரம் அவள் மேஜையில் இருந்தது.

மேலே மட்டும் பாலிஷ் போடு என்று சொல்பவர்களுக்கு இந்த வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. பாலிஷ் பொடி ஒரு துளி உள்ளே போனாலும் கடிகாரம் நாசம். அதனால் முதலில் பின்மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் மெஷினை மொத்தமாக வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் வெளிக்கூட்டில் கை வைக்க வேண்டும். அவளும் கழற்றினாள். மூடியின் உட்பக்கம் லென்ஸில் தெரிந்தது. எந்த ரிப்பேர்காரனும் வேலை முடித்ததும் அங்கே ஊசியால் தேதியையும் செய்த வேலையையும் கடுகு கடுகாகக் கீறி வைப்பான். அடுத்தவன் பார்த்துத் தெரிந்துகொள்வதற்காக. வெளியாட்களுக்கு இது தெரியாது. கோச்சுக்கும் தெரியவில்லை.

உள்ளே ஒரே ஒரு கீறல்தான் இருந்தது. அப்பாவின் எழுத்து. தேர்வுக்கு இரண்டு நாள் முந்தைய தேதி. அதற்குப் பின் யார் கையும் படவில்லை.

ஸ்பிரிங் இருக்கும் சின்ன டப்பாவைத் திறந்தாள். விளக்கில் காட்டியதால் நீலம் ஏறிய நுனி. கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்த கொக்கி. அப்பாவுக்கு இடது கைப்பழக்கம், அவர் அடிக்கும் கொக்கி அப்படித்தான் சாயும். ஏழு வருஷமாக இந்த ஸ்பிரிங் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஒரு நாளும் அறுந்ததில்லை.

அவள் எழுந்து கடைக் கதவைச் சாத்தினாள். வெளியே ஒரு ஆள் சுவர்க்கடிகாரத்தோடு வந்து தட்டிவிட்டுப் போனார். அவள் திறக்கவில்லை. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. கொன்றதோடு நிற்காமல், வீட்டுக்கு வந்து, அந்தப் பழியை அப்பாவின் தலையில் கட்டிவிட்டு, அதையும் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டுப் போயிருக்கிறார் மனுஷன். இன்றைக்கு வந்து மறுபடியும் ஒரு தடவை மன்னித்திருக்கிறார்!

முதலில் அவர் மண்டையைப் பிளந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. கடையில் இருந்த சுத்தியல்கள் எல்லாம் விரல் நீளம். அவற்றை வைத்துக்கொண்டு ஒரு கரப்பான்பூச்சியைக்கூட ஒழுங்காக அடிக்க முடியாது. போலீசுக்குப் போனால், ஸ்பிரிங் அறுந்துபோகவில்லை என்று ஒருத்தர்மேல் புகார் எழுதிக்கொள்வார்களா? சிரித்து அனுப்பிவிடுவார்கள். அவரிடம் நேரில் போய்க் கேட்டால் இன்னொரு பொய் தயாராக இருக்கும். யோசிக்க யோசிக்க ஒன்று மட்டும் தெளிவானது. மேடை, மைக், பேப்பர்காரர்கள் எல்லாவற்றையும் அவரே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார். அவளையும் கூப்பிட்டிருக்கிறார்.

மறுநாள் மத்தியானம் கணக்கு வாத்தியாரின் வீட்டுக்குப் போனாள். அவர் ஓய்வுபெற்று மூன்று வருஷம் ஆகிறது. மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்ததும் கையிலிருந்த சட்டையைப் பிழிந்துகொண்டே நின்றார்.

"சார், அன்னைக்கு நீங்க கோச்சுக்குப் பக்கத்துல நின்னீங்கதானே? அவர் வாட்ச் ஓடுச்சா, ஓடலையா?"

வாத்தியார் சட்டையை இன்னொரு முறை பிழிந்தார். அதில் தண்ணீரே இல்லை.

"அவன் கோட்டைத் தாண்டினப்போ அவர் அழுத்தினார். குனிஞ்சு பார்த்தார். அப்புறம் திரும்பி செயலாளரைப் பார்த்தார். அப்புறம்தான் பையில போட்டார்."

"ஓடாத வாட்ச்சை எதுக்கு சார் குனிஞ்சு பார்க்கணும்?"

"அதைத்தான் நானும் நினைச்சேன்."

"நினைச்சீங்க. கேக்கல."

"எனக்கும் ஒரு பையன் இருந்தான்மா அதே காலேஜ்ல. அடுத்த வருஷம் அவனுக்கும் படை விலக்குக்கு செயலாளர் கையால ஒரு லெட்டர் வேண்டியிருந்தது."

அவர் பையன் இப்போது வங்கியில் வேலை பார்க்கிறான், இரண்டு குழந்தைகள். அவளுக்கு அவர்மேலும் ஒரு கோபம் கிளம்பியது. அதை விழுங்கிக்கொண்டு, "சனிக்கிழமை இதையே எழுந்து நின்னு சொல்லுங்க" என்றாள். சொல்கிறேன் என்று தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் ஒரு ஆறுதல் வார்த்தைகூடச் சொல்லாமல் படியிறங்கி வந்துவிட்டாள்.

அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால், "விடும்மா, கெட்ட பேரு நமக்கெதுக்கு" என்று ஆரம்பித்துவிடுவார். வாலு பேரில் பந்தயம் வைக்கிறார்கள், நீங்கள் வராவிட்டால் நன்றாக இருக்காது என்று சொல்லிக் கூட்டிப்போனாள். இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு அழைப்பில்லாமல் போகிறவர் மாதிரி ஒடுங்கிக்கொண்டு வந்தார் மனுஷர். மைதானத்தைப் பார்க்காமல் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நடந்தார். அவரை முதல் வரிசையில் உட்காரவைத்தபோது, செய்வது சரிதானா என்று அவளுக்கே ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணம் சீக்கிரமே போய்விட்டது.

நாலு மணி வெயில். பந்தயம் ஓட வேண்டிய பையன்கள் ஓரமாகக் காலை உதறிக்கொண்டு நின்றார்கள். கோச் மைக்கைப் பிடித்தார். பேச்சில் தேன் ஒழுகியது. தன் மகனைப்போல வளர்த்தாராம். இராத்திரிகளில் இன்னும் தூக்கம் வருவதில்லையாம். "அன்னைக்கு இந்தக் கடிகாரத்தோட ஸ்பிரிங் அறுந்தது. எங்க எல்லாரோட இதயமும் அதோட அறுந்தது" என்றார். பேப்பர்காரர் அதைக் குறித்துக்கொண்டார். முதல் வரிசையில் அப்பா தலையை இன்னும் குனிந்துகொண்டதை அவள் பார்த்தாள். அதோடு அவளிடம் மிச்சமிருந்த தயவு தாட்சண்யமெல்லாம் தீர்ந்தது.

அவளைக் கூப்பிட்டார்கள். வெல்வெட் பெட்டியோடு, கடையிலிருந்து கொண்டுவந்த தட்டையும் லென்ஸையும் ட்வீஸரையும் எடுத்துக்கொண்டு மேடை ஏறினாள். கண்ணாடிப் பெட்டியின் பக்கம் போகாமல் நேராக மைக்குக்கு வந்தாள்.

"எங்க கடையில ஒரு வழக்கம் இருக்கு. பொருளைத் திருப்பிக் குடுக்கும்போது, உள்ள என்ன இருந்துச்சு, என்ன செஞ்சோம்னு வாடிக்கையாளர்கிட்ட வாசிச்சுக் காட்டுவோம். கோச் சார் வாடிக்கையாளர். வாசிக்கிறேன்."

கோச் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

"பின்மூடியில ஒரே ஒரு ரிப்பேர் குறிப்பு. எங்க அப்பா எழுதினது. தேதி, தேர்வுக்கு ரெண்டு நாள் முன்னாடி. அதுக்கப்புறம் இந்த வாட்ச்சை யாரும் திறக்கல. ஸ்பிரிங், அப்பா போட்ட அதே ஸ்பிரிங். அறுந்ததுக்கு அடையாளம் இல்லை. மாத்தினதுக்கும் அடையாளம் இல்லை."

மைதானத்தில் ஒரு சலசலப்பு. கோச்சின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் ஆள் கெட்டிக்காரர், சட்டென்று சுதாரித்துக்கொண்டார்.

"வேற ஊர்ல மாத்தினேம்மா. அவங்க எழுத மறந்திருப்பாங்க. பாவம், துக்கத்துல பேசுது பொண்ணு, யாரும் தப்பா எடுத்துக்காதீங்க."

அவள் கணக்கு வாத்தியாரைத் தேடினாள். நாலாவது வரிசையில் இருந்தார். அவளைப் பார்த்தார். எழுந்திருப்பார் என்று நினைத்தாள். அவர் பக்கத்து நாற்காலியில் கிடந்த தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதன் உட்புறத்தைக் கவனமாக ஆராய ஆரம்பித்தார்.

கோச் மைக்குக்குக் கை நீட்டினார். இன்னும் அரை நிமிஷம் போனால் அவளைத் தோளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, அனுதாபத்தோடு இரண்டு வார்த்தையும் பேசிவிடுவார். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

"அப்பா," என்றாள் மைக்கிலேயே. "மேல வாங்க. இது யார் வேலைன்னு பார்த்துச் சொல்லுங்க."

அப்பா எழுந்திருக்கவில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எழுந்தார். படிகளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அவள் ஸ்பிரிங் டப்பாவைத் திறந்து தட்டில் வைத்து நீட்டி, லென்ஸைக் கையில் கொடுத்தாள். ஏழு வருஷத்துக்குப் பிறகு அவர் அதைக் கண்ணில் செருகினார். குனிந்தார். ட்வீஸரைக் கேட்டு வாங்கி, ஸ்பிரிங்கின் நுனியைத் தூக்கிப் பார்த்தார். கை துளிகூட நடுங்கவில்லை.

ஓட வேண்டிய பையன்கள்கூடக் காலை உதறுவதை நிறுத்திவிட்டார்கள்.

"என் கொக்கி," என்றார்.

லென்ஸை எடுத்துவிட்டுக் கோச்சைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. கடைக்கு வந்த ஆளிடம் கடிகாரத்துக்கு என்ன கோளாறு என்று விசாரிக்கிற அதே குரல்தான்.

"முள்ளு எங்க நின்னுச்சு?"

"சார், அன்னைக்கு நிலைமை... செயலாளர் என்கிட்ட..."

"அதைக் கேக்கல. என் பையன் கோட்டைத் தாண்டினப்போ நீங்க அழுத்தினீங்களே, முள்ளு எங்க நின்னுச்சு?"

கோச் இருபது வருஷமாக அதே மைதானத்தில், அதே மைக்கில், எத்தனையோ பையன்களின் நேரத்தை அறிவித்தவர். கேட்டால் சொல்லிப் பழகிய வாய். "நாப்பத்தெட்டு புள்ளி நாலு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் மைக் பக்கத்திலேயே இருந்தது. மைதானத்தின் நாலு மூலை ஒலிபெருக்கியிலும் அது கேட்டது.

பின்வரிசையில் யாரோ அசிங்கமாகத் திட்டினார்கள். கல்லூரி முதல்வர் நாற்காலியை விட்டு எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் நின்றார். கோச்சின் கை, கழுத்தில் இல்லாத கடிகாரத்தைத் தேடியது. அவளுக்கு அதைப் பார்க்க இனித்தது. பொய் சொல்வானேன், ஏழு வருஷத்தில் அவ்வளவு இனிப்பான எதையும் அவள் பார்த்ததில்லை.

"போர் ரெண்டு மாசத்துல முடிஞ்சிடும்னு நினைச்சேன் சார்," என்றார் கோச். அழுதுகொண்டிருந்தார். இரண்டு கைகளையும் அப்பாவிடம் நீட்டினார். "என்னை மன்னிச்சிடுங்க."

அப்பா அந்தக் கைகளைப் பார்த்தார். அவர் எப்படிப்பட்டவர் என்று அவளுக்குத் தெரியும். வாடகைக்காரன் சுவரை இடித்துவிட்டுப் போனாலும், "பரவாயில்லப்பா" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுக்கிற ஆள். பிடித்துவிடப் போகிறார், எல்லாம் பாழ் என்று அவளுக்குப் பகீரென்றது.

"மாட்டேன்," என்றார் அப்பா.

அவ்வளவுதான். ட்வீஸரைத் தட்டில் வைத்தார். மேடையை விட்டு இறங்க ஆரம்பித்தார். அவள் அவர் பின்னாலேயே போனாள். எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்த இரண்டு பக்கத் திட்டும் அவள் தொண்டைக்குள்ளேயே நின்றுபோயிற்று. மூன்றாவது படியில் அவர் நின்றார்.

"எவ்வளவுன்னு சொன்னாரு?"

"நாப்பத்தெட்டு நாலுப்பா."

"நல்ல ஓட்டம்," என்றார். "நல்லா ஓடியிருக்கான் வாலு."

அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லி ஏழு வருஷம் ஆகியிருந்தது. சொன்னதும் அப்படியே படியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொள்ளக்கூடத் தோன்றாமல், "வாலு, டேய் வாலு" என்று உடைந்த குரலில், வெயிலில், அவ்வளவு பேருக்கு முன்னால் கதறினார். இத்தனை நாளும் ஒரு ஸ்பிரிங்குக்காக அழுதுகொண்டிருந்தவருக்கு அன்றைக்குத்தான் மகன் செத்துப்போயிருந்தான்.

நாலைந்து பேர் ஓடிவந்து அவருடைய அக்குளில் கை கொடுத்தார்கள். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் திரும்பி மேடையைப் பார்த்தாள். கோச் இன்னும் அங்கேயேதான் நின்றார். முகத்தை வேறு பக்கம் திருப்பப் பார்த்தார்.

"தூக்காதீங்க," என்றாள் அவள். "யாரும் தூக்காதீங்க. கோச் சார் பாக்கட்டும்."

வந்தவர்கள் கையை எடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.